பெருக்கல் குறி போட்ட அறை

அம்மாவுக்கும் அத்தைக்கும் நடுவிலான அந்தச் சண்டை ஒரு பாத்திர மூடியில் தொடங்கியது என்று சென்ற வாரம் சொல்லியிருந்தேன். இப்போது யோசித்தால் அது சரிதானா என்று சந்தேகமாக இருக்கிறது. மூடியாக இல்லாமல் கரண்டியாகவும் இருந்திருக்கலாம். கேட்டால் அம்மா ஒன்று சொல்கிறாள், அத்தை வேறொன்று சொல்கிறாள், அப்பா செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விடுகிறார். ஆண்டுக் கணக்கு மட்டும் உறுதி. பதினொன்று.

பதினொரு ஆண்டுகளாக அந்த வீட்டில் ஒரே கூரையின் கீழ் இரண்டு சமையல். முன்பக்கம் அம்மாவின் சமையலறை. பின்பக்கம், கணவர் போனபிறகு அண்ணன் வீட்டோடு வந்து சேர்ந்த அத்தைக்கு ஓர் அறை, அதற்குத் தனி வாசல், மூலையில் தனி அடுப்பு. இருவரும் நேருக்கு நேர் பேசுவதில்லை. எதைச் சொல்வதானாலும் நடுவில் ஓர் ஆள் வேண்டும். குழாய் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற அப்பா அந்தப் பொறுப்பை முதல் வாரமே கைகழுவிவிட்டார். அதனால் நடுவில் நிற்கும் ஆள் மகள்.

மகளுக்கு முப்பத்து நான்கு வயது. நகராட்சியின் திட்டப் பிரிவில் வரைவாளர். அந்தப் புறநகரில் எந்தத் தெருவில் வீடு கட்டலாம், எதில் கடை வைக்கலாம், மதில் எத்தனை அடி உயரலாம், வீட்டுக்கும் எல்லைக்கும் நடுவே எவ்வளவு இடம் விட வேண்டும் என்று சொல்லும் விதித்தொகுப்பு நாற்பது ஆண்டு பழையது. அதைப் புதுப்பிக்கும் வேலை ஒன்றரை ஆண்டாக அவள் மேசையில்தான் நடந்தது.

அவளுக்கு மௌனம் பிடிக்கும். ஒரு வாக்கியத்துக்கும் அடுத்ததற்கும் இடையே அரைமணி நேரம் சன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க அவளால் முடியும். வீட்டு மௌனம் வேறு வகை. அதற்கு நீள அகலம் இருந்தது. பன்னிரண்டு அடிக்கு மூன்றரை அடி. இரண்டு அடுப்புகளுக்கும் நடுவே ஓடும் நடையின் அளவு அது.

வெள்ளிக்கிழமை காலை அவள் பல் துலக்கிக்கொண்டிருந்தபோது அத்தை அந்த நடையில் வந்து நின்றாள். கையில் நகராட்சி வீடு வீடாகப் போட்டிருந்த பச்சை அட்டைப் புத்தகம். ‘புதிய விதிகள்: மக்கள் கருத்துக்காக.’

“இங்க வாடி. என் ரூம் மேல எதுக்குப் பெருக்கல் போட்டிருக்க?”

மகள் வாயில் நுரையோடு எட்டிப் பார்த்தாள். பதினேழாம் பக்கம். படம் நான்கு. ஒரு வீட்டின் வரைபடம். முன்பக்கம் சமையலறை, நடுவே நடை, பின்பக்கம் ஓர் அறை. அறையின் குறுக்கே தடித்த சிவப்பில் ஒரு பெருக்கல் குறி. கீழே: ‘விதிமீறலுக்கு எடுத்துக்காட்டு.’

“அது மாதிரிப் படம் அத்தை. யார் வீடும் இல்ல.”

“பின்சுவரு மூலையில கோணையா போகுதே, அது யார் வீட்டுச் சுவரு? கதவுக்குப் பின்னாடி ஒரு சன்னல் மறைஞ்சிருக்கே, அது யாரு வச்ச சன்னல்?”

மகள் நுரையை விழுங்கிவிட்டாள்.

அச்சுக்கு அனுப்பும் கடைசி நாளில் அவசரமாக ஒரு படம் வேண்டியிருந்தது. ஒரு வீட்டை எட்டு பொந்தாகப் பிரித்து, பொந்துக்கு ஓர் அடுப்பு வைத்து வாடகைக்கு விடுகிறவர்களை நினைத்துத்தான் பதினான்காம் விதியையே அவள் எழுதினாள்: ‘ஒரு மனையில் ஒரு குடியிருப்பு. தனி வாசலும் தனி அடுப்பும் உள்ள பகுதி தனிக் குடியிருப்பாகக் கருதப்பட்டு ஆறு மாதத்துக்குள் மூடப்படும்.’ விதியை எழுதிய கை அப்படியே படத்தையும் போட்டது. கை தனக்குத் தெரிந்த வீட்டைப் போட்டது. பிறந்ததிலிருந்து பார்க்கும் சுவர்கள் கண்ணில் படுவதில்லை. ஆயிரத்து நானூறு பிரதி அச்சான பிறகு, இப்போதுதான் பட்டன.

“மீறல்னு போட்டிருக்கு,” என்றாள் அத்தை. “பதினொரு வருஷமா இங்க இருக்கேன். நான் மீறல்னு இன்னைக்குத்தான் தெரியுது.”

முன்பக்கச் சமையலறையிலிருந்து அம்மாவின் குரல் வந்தது. “அடியே, உன் அத்தைகிட்ட சொல்லு, பெருக்கல் என் பக்கம் இல்லைன்னு. அப்புறம் நீ சொல்லு, என் கிச்சனை எதுக்கு அவங்க ரூமை விடச் சின்னதா வரைஞ்சிருக்க?”

“அளவு அப்படித்தாம்மா.”

“அளவாம். பெத்தவளுக்கு ஒரு அடி கூடப் போட்டா உன் பென்சில் தேஞ்சிடுமா?”

அத்தை சிரிக்கவில்லை. அதுதான் மகளுக்குப் பயமாக இருந்தது. வழக்கமாக இந்த இடத்தில் அத்தை, ‘உங்கம்மாகிட்ட சொல்லு’ என்று ஏதாவது ஒன்றைத் தொடுப்பாள். இன்று புத்தகத்தை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

“நூலகத்துக்குப் பின்னாடி பெண்கள் விடுதி இருக்கில்ல, போன் பண்ணிட்டேன். திங்கட்கிழமை ஒரு கட்டில் காலியாகுதாம். அரசாங்கமே வந்து வெளிய போன்னு சொல்ற வரைக்கும் நான் உட்கார்ந்திருக்க மாட்டேன். அதுவும் நீ எழுதின சட்டம். உன் பேரு கெடக் கூடாது.”

“அத்தை, அது இன்னும் சட்டமே ஆகல. இன்னைக்கு அஞ்சு மணிக்குத்தான் கருத்துக் கேட்புக் கூட்டம்.”

“கேட்கட்டும். என் கருத்தை நான் சொல்லிட்டேன். திங்கட்கிழமை.”

முன்பக்கம் பாத்திரம் உருட்டும் சத்தம் சட்டென்று நின்றது. அப்பா செருப்பைத் தேடத் தொடங்கினார்.

அலுவலகத்தில் திட்ட அலுவலர் அவளுக்கு முன்பே வந்திருந்தார். எதைச் சொன்னாலும் ‘குறிச்சுக்கறேன்’ என்று சொல்லி உண்மையிலேயே குறித்துக்கொள்ளும் மனிதர். தன் சொந்த மகள் பள்ளி மாறிய செய்தியையும் அப்படித்தான் மனைவியிடமிருந்து குறித்துக்கொண்டதாக அலுவலகத்தில் பேச்சு.

“சார், பதினாலாவது விதியில ஒரு திருத்தம் செய்யலாமா?”

“கூட்டத்துக்கு முன்னாடி ஒரு எழுத்தைத் தொட முடியாதும்மா. மக்கள் கையில புத்தகம் போயாச்சு. என்ன பிரச்சினை?”

இங்கே அவள் சொல்லியிருக்க வேண்டும். சார், படம் நாலு எங்க வீடு. ஐந்து சொற்கள். அவள் சன்னலைப் பார்த்தாள். அலுவலர் காத்திருந்தார். அவளுடைய மௌனங்கள் அவருக்குப் பழக்கம். இரண்டு நிமிடம் கழித்து அவர், “குறிச்சுக்கறேன்,” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். என்ன குறித்தார் என்று தெரியவில்லை.

மதியம் வரை அவள் பழைய விதித்தொகுப்பையும் தன் வரைவையும் மாறி மாறிப் புரட்டினாள். ஏதாவது ஒரு பொந்து கிடைக்காதா என்று. விதி எழுதுபவளே பொந்து தேடுவதில் உள்ள அசிங்கம் அவளுக்குத் தெரிந்துதான் இருந்தது. ஒன்று கிடைத்தது. பழையதிலிருந்து அவளே எடுத்துப்போட்டு மறந்துவிட்ட, பதினான்காம் விதியின் மூன்றாம் பிரிவு: ‘ஒரே குடும்பத்தினர்க்கு இது பொருந்தாது.’ அட, என்று நிமிர்ந்தாள். குடும்பம் என்றால் என்ன என்று சொல்லும் பக்கத்துக்குப் போனாள். ‘குடும்பம்: ஒரே அடுப்பில் சமைத்து உண்போர்.’ நாற்பது ஆண்டுக்கு முன் யாரோ எழுதியதை அவளும் அப்படியே நகலெடுத்திருந்தாள்.

படிக்கட்டில் நின்று அம்மாவுக்குப் போன் செய்தாள்.

“அம்மா, சாயங்காலம் கூட்டத்துக்கு வரணும். நீயும் அத்தையும் ஒரே அடுப்புல சமைச்சுச் சாப்பிடறதா சொன்னாப் போதும், அத்தை இங்கயே இருக்கலாம்.”

“பொய் சொல்லச் சொல்றியா?”

“ஒரே ஒரு வரி.”

“ஊரு முன்னாடி நின்னு? அதுவும் உன் அத்தைக்காக?”

“அவங்க திங்கட்கிழமை போறாங்கம்மா.”

மறுமுனையில் எதுவும் கேட்கவில்லை. மகள் மௌனங்களை அளக்கத் தெரிந்தவள். இது கோப மௌனம் இல்லை. கோபம் என்றால் அம்மா மூச்சு விடும் சத்தம் கேட்கும்.

“எத்தனை மணிக்கு?” என்றாள் அம்மா.

கூட்டம் பள்ளிக்கூட மண்டபத்தில். நகராட்சி நாற்காலிகள் வந்து சேரவில்லை. எனவே ஊர்ப் பெரியவர்கள் எல்லாரும் இரண்டாம் வகுப்புப் பெஞ்சுகளில் முழங்கால் முகவாயில் இடிக்க உட்கார்ந்திருந்தார்கள். ஒலிபெருக்கி அவ்வப்போது ஊளையிட்டது. அம்மா முன்வரிசையில் இடக் கோடியில், அத்தை அதே வரிசையில் வலக் கோடியில். நடுவே அப்பா, தன் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு.

முதலில் மதில் உயரம் பற்றிப் பேசினார்கள். பிறகு நாய்க்கூண்டு கட்டடமா இல்லையா என்று அரைமணி நேரம் பேசினார்கள். பிறகு மகள் மிகவும் பயந்திருந்த அந்த மனிதர் எழுந்தார்.

டேப் மாமா. எதிர்த்தெரு. சட்டைப்பையில் எப்போதும் அளவு நாடா. யார் வீட்டுப் படி தெருவில் எத்தனை அங்குலம் நீட்டியிருக்கிறது என்பதை ராத்தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். நகராட்சிக்கு அவர் எழுதிய புகார்களுக்கென்றே ஒரு தனி அலமாரி இருந்தது.

“பதினேழாம் பக்கம், படம் நாலு,” என்றார். மண்டபம் முழுக்கப் பக்கம் புரளும் சத்தம். “இது யார் வீடுன்னு இங்க இருக்கிற எல்லாருக்கும் தெரியும். அந்தக் கோணைச் சுவரை நானே மூணு தடவை அளந்திருக்கேன். என் கேள்வி ஒண்ணுதான். விதி எழுதறவங்க வீட்டுக்கு விதி உண்டா, இல்லையா?”

அலுவலர் மெல்லத் திரும்பி மகளைப் பார்த்தார். சன்னல் எதுவும் பக்கத்தில் இல்லை.

அவள் எழுந்து மைக்கை வாங்கினாள். “அது எங்க வீடுதான். வரைஞ்சது நான்தான். காலையிலேயே சார்கிட்ட சொல்லியிருக்கணும், சொல்லல. அந்த ரூம்ல இருக்கிறது எங்க அத்தை.” பிறகு என்ன சொல்வதென்று தெரியாமல் நின்றாள். ஒலிபெருக்கி அவளுக்குப் பதிலாக ஊளையிட்டது.

“நான் சொல்றேன்,” என்று அம்மா எழுந்தாள். சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டாள். “நாங்க எல்லாரும் ஒரே குடும்பம். ஒரே அடுப்புலதான் சமைக்கிறோம், ஒண்ணாத்தான் சாப்பிடறோம்.”

டேப் மாமா பணிவாகக் கேட்டார். “அப்படியா அம்மா. நேத்து மதியம் உங்க நாத்தனார் என்ன சாப்பிட்டாங்க?”

அம்மா அப்பாவைப் பார்த்தாள். அப்பா தரையைப் பார்த்தார்.

வலக் கோடியில் அத்தை எழுந்துவிட்டாள். “ஏய், உங்கம்மாகிட்ட சொல்லு, எனக்காக யாரும் பொய் சொல்ல வேண்டாம்னு. பதினொரு வருஷம் எனக்குத் தனி அடுப்பு. ஊருக்கே தெரியும்.”

அவள் அதை மகளிடம்தான் சொன்னாள். மகள் பழக்கத்தில் மைக்கை அவள் பக்கம் நீட்டியிருந்ததால் அது ஊருக்கே கேட்டது. பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். “அப்போ ரெண்டு குடியிருப்புதான்,” என்று டேப் மாமா உட்காரப் போனார்.

“சிலிண்டர் ஒண்ணுதான்.”

யார் பேசியது என்று முதலில் யாருக்கும் விளங்கவில்லை. அப்பாவின் குரலை அந்த ஊரில் பலர் கேட்டதே இல்லை. அவர் எழுந்திருக்கவும் இல்லை. கைகள் தொடைக்கு அடியிலேயே இருந்தன.

“என்னங்க?” என்றாள் அம்மா.

“கேஸ் சிலிண்டர். ரெண்டு அடுப்புக்கும் ஒண்ணுதான். வெளிச்சுவத்துல பெட்டி இருக்கில்ல, பூட்டு போட்டது. அதுக்குள்ள ரெண்டு இருக்கும்னு நினைச்சிருப்பீங்க. ஒண்ணுதான். நடுவுல ஒரு இணைப்பு போட்டு ரெண்டு பக்கமும் குழாய் பிரிச்சு விட்டிருக்கேன்.” நிறுத்தினார். அவ்வளவு நீளமாகப் பேசியதில் அவருக்கே மூச்சு வாங்கியது. “ரெண்டாவது சிலிண்டர் முதல் வருஷமே கசிஞ்சுது. திருப்பிக் கொடுத்துட்டேன். வேற வாங்கணும்னு நினைச்சேன். அப்படியே போயிடுச்சு.”

“பதினொரு வருஷமா?” என்றார் அலுவலர், பேனாவைக் கையில் பிடித்தபடி.

“பத்து.”

மண்டபத்தில் ஓர் அமைதி விழுந்தது. மகள் வாழ்க்கையில் பல அமைதிகளில் உட்கார்ந்திருக்கிறாள். இதைப்போல் ஒன்றை அவள் கண்டதில்லை. இதற்குள் ஏதோ பாலைப்போல் பொங்கி மேலே வந்துகொண்டிருந்தது.

பொங்கியது அத்தைதான். “அப்போ... தினம் காலையில ஏழரைக்கு என் அடுப்பு சுருங்கிச் சுருங்கி ஊதுபத்தி மாதிரி எரியுமே...” அவள் மெல்லத் திரும்பினாள். இடக் கோடியைப் பார்த்தாள். “ஏன் அண்ணி, அது நீங்களா?”

அண்ணி. பதினொரு ஆண்டில் அந்தச் சொல்லை அந்த வீட்டுச் சுவர்கள் கேட்டதில்லை.

அம்மாவுக்கு அதைக் கவனிக்க நேரமில்லை. “நானா? நான் பெருசா வைக்கிறேனா? சாயங்காலம் நான் பருப்பு போட்டா ஒன்றரை மணி நேரம் கல்லு மாதிரி கிடக்குதே, அது யாரு? கேஸ் கம்பெனிக்காரனை நாலு தடவை வரவழைச்சுத் திட்டினேன். பாவம், அந்த ஆளு அடுப்பைக் கழட்டிக் கழட்டி மாட்டிட்டுப் போனான்!”

“என் அடுப்பையும் வந்து பார்த்தான். பர்னர்ல அடைப்புன்னான். மூணு பர்னர் மாத்தினேன் அண்ணி, மூணு!”

“அந்நேரத்துல நீ என்னத்தைத்தான் அப்படிக் கொதிக்க வைப்ப? குளிக்கிற தண்ணியா?”

“ஆமா, குளிக்கத்தான். வயசு ஆகுதில்ல, முட்டி வலிக்குதில்ல. கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்!”

“முட்டி வலின்னு நீ சொன்னியா? இவகிட்டயாவது சொல்லி அனுப்பினியா?”

“எல்லாத்தையும் சொல்லி அனுப்ப முடியுமா? நீங்க மட்டும் ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடறதைச் சொல்லி அனுப்பினீங்களா? குப்பையில அட்டையைப் பார்த்துத்தான் தெரிஞ்சுக்கிட்டேன்!”

“என் குப்பையை எதுக்கு நீ பார்க்கிற?”

“ஒரு வீட்டுல ஒரு குப்பைத்தொட்டிதானே அண்ணி இருக்கு!”

இரு கோடியிலிருந்தும் கத்திக்கொண்டே இருவரும் பெஞ்சு பெஞ்சாக நகர்ந்து, அப்பாவின் தலைக்கு நேர் மேலே சந்தித்துவிட்டார்கள். அப்பா குனிந்துகொண்டார். மகள் மைக்கை நீட்டியபடியே நின்றிருந்தாள். நீட்ட வேண்டிய அவசியமே இல்லை என்பது அவளுக்குத் தாமதமாகத்தான் புரிந்தது. நடுவில் ஆள் தேவைப்படவில்லை. மைக்கை மேசைமேல் வைத்தாள். கை மிகவும் லேசாக இருந்தது.

அலுவலர் மேசையைத் தட்டினார். “அம்மா, அம்மா. ஒரு நிமிஷம். நான் என்ன எழுதிக்கணும்? இது ஒரு குடும்பமா, ரெண்டா?”

டேப் மாமா மறுபடி எழுந்தார். மண்டபம் அடங்கியது.

“நான் சொன்னதை வாபஸ் வாங்கிக்கிறேன்,” என்றார். “பக்கத்து வீட்டுக்காரரோட எனக்கு இருபத்தாறு வருஷமா தகராறு. ரெண்டு குடும்பத்துக்கு நடுவுல சண்டைன்னா எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும். அதுல தேதி இருக்கும், கடிதம் இருக்கும், நகல் இருக்கும். மாத்திரை அட்டை இருக்காது. இது ஒரே குடும்பம் சார். எழுதிக்குங்க.”

“குறிச்சுக்கறேன்,” என்றார் அலுவலர். எழுதினார். பிறகு எழுதியதை ஒருமுறை படித்துப் பார்த்தார். “குடும்பம்னா ஒரே அடுப்புன்னு போட்டிருக்கிறது சரியில்லம்மா,” என்று மகளிடம் தாழ்ந்த குரலில் சொன்னார். “என் வீட்டுல ஒரே அடுப்புதான். நாங்க பேசி ரெண்டு வாரம் ஆகுது.” பிறகு குரலை உயர்த்தினார். “உறவினர் சேர்ந்து வாழுற வீட்டுல அடுப்புக் கணக்கு பார்க்க வேண்டாம்னு திருத்தம் போடறோம். ஆட்சேபணை உண்டா?”

ஆட்சேபணை இல்லை. நாய்க்கூண்டுக்காரர் மட்டும் கை தூக்கினார். அவர் நாய்க்கூண்டைப் பற்றிப் பேச வந்தார்.

“அப்புறம் ஐயா,” என்று அலுவலர் அப்பாவிடம் திரும்பினார். “அந்த கேஸ் இணைப்பு. அதை நான் கேட்கலைன்னு விட முடியாது. புதன்கிழமை தீயணைப்புத் துறையிலிருந்து வந்து வீடு முழுக்கப் பார்ப்பாங்க.”

அப்பாவின் முகம் அப்போதுதான் மாறியது. ‘வீடு முழுக்க’ என்ற இடத்தில்.

திரும்பி வரும்போது வெயில் இன்னும் இருந்தது. அம்மாவும் அத்தையும் முன்னால் போனார்கள். ஏழரை மணி யாருடையது, சாயங்காலம் யாருடையது என்று தெருவே கேட்க அடித்துக்கொண்டு போனார்கள். நடக்கும்போது கைகள் இடித்துக்கொண்டன, இருவருமே விலகவில்லை. பின்னால் அப்பாவும் மகளும்.

“அப்பா,” என்றாள் மகள். “வேற எதையாவது இப்படிச் சேர்த்து வச்சிருக்கீங்களா?”

அப்பா நடந்துகொண்டே இருந்தார். ஒரு மின்கம்பம் கடந்தது. இரண்டாவது கடந்தது.

“தண்ணியா? கரண்ட்டா?”

மூன்றாவது.

“நம்ம வீட்டோட மட்டும்தானே? டேப் மாமா வீடு எதுவும் இதுல இல்லையே?”

அப்பா செருப்பில் கல் ஏறிவிட்டதுபோல் குனிந்தார்.

அடுத்த செவ்வாய்க்கிழமை மதியத்து நிலவரம் இது. விடுதிக் கட்டிலை வேண்டாமென்று அத்தை சொல்லிவிட்டாள், பின்னறையில்தான் இருக்கிறாள். சமையல் இன்னமும் இரண்டுதான். அம்மாவும் அத்தையும் பேசிக்கொள்கிறார்கள், பெரும்பாலும் தீயின் அளவைப் பற்றி. பதினான்காம் விதி திருத்தத்தோடு நகர்மன்றத்துக்குப் போயிருக்கிறது. அடுத்த மாதம் வாக்கெடுப்பு. மகளை அந்த விதியிலிருந்து எடுத்து விளம்பரப் பலகைகள் பகுதிக்கு மாற்றிவிட்டார்கள். மிச்சமிருந்த பிரதிகளில் படம் நான்கின்மேல் அவள் கையாலேயே வெள்ளைத்தாள் ஒட்டினாள். தாள் கோணலாக ஒட்டப்பட்டிருப்பதாக டேப் மாமா ஒரு புகார் எழுதினார். அலுவலர் அதைக் குறித்துக்கொண்டார். தீயணைப்புத் துறையினர் வருவது புதன்கிழமை காலை பத்து மணிக்கு. அப்பா செவ்வாய்க்கிழமை விடிந்ததும் குழாய் முடுக்கும் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு எதிர்த்தெருவில் டேப் மாமா வீட்டுப் பக்கம் போனார். மதியம்வரை வீடு திரும்பவில்லை.